மாணிக்கக் குழியும் தேயிலை மலையும்

நிலத்தடியில் செல்வம் கண்டெடுக்கப்பட்ட ஊர் தானாகவே செழித்து ஓங்கும் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. எண்ணெய் பீறிட்ட இடத்தில் நகரம் எழும், நகரம் எழுந்த இடத்தில் வறுமை அகலும் என்று பாடநூல்களும் நாளேடுகளும் சொல்லி வந்திருக்கின்றன. 2011ஆம் ஆண்டில் மன்னார்ப் படுகையின் கடலடியில் இயற்கை எரிவாயு காணப்பட்டபோது, இலங்கையிலும் இந்தக் கனவு சில காலம் பலரை ஆட்கொண்டது. இக்கனவை நாம் எள்ளி நகையாட வரவில்லை. அசாமிலே, யானைகள் திரிந்த அடர்ந்த காட்டில் 1889இல் எண்ணெய் காணப்பட்டது. 1901இல் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. திக்பாய் என்னும் நகரம் பிறந்தது. இது மறுக்கவியலாத உண்மை. ஆனால் எத்தகைய செல்வம் ஊரை ஆக்கும், அந்த ஊர் யாருக்கு ஊராகும் என்ற கேள்விகளுக்கு அக்கனவில் இடமில்லை. அவற்றை ஆராய நாம் அசாம் வரை செல்ல வேண்டியதில்லை. சபரகமுவ மாகாணத்தின் றக்வானையை நோக்கினாலே போதும். அங்கே எண்ணெய் இல்லை, மாணிக்கம் உண்டு.

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கிழக்கே, சிங்கராஜ வனத்தின் கீழைப் புறத்தை ஒட்டி எழும் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது றக்வான. மாதம்பையிலிருந்து தெனியாய வழியாகக் காலிக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்து, புலுத்தொட்ட மலைச்சரிவில் கொண்டையூசி வளைவுகளாக முறுக்கி ஏறுகிறது. மேலே தேயிலை, கீழே வயல், வயலுக்கு அடியில் மாணிக்கம். இம்மூன்று அடுக்குகளின் உறவே றக்வானையின் வரலாறு.

கீழ் அடுக்கு மிகத் தொன்மையானது. இலங்கையின் நடுமலைப் பகுதியை ஆக்கியுள்ள பாறைகள் உலகின் மிகப் பழைய பாறைகளைச் சேர்ந்தவை. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அவற்றுள் உருவான நீலமும் புட்பராகமும் வைடூரியமும், பாறை சிதைந்து கரைந்தபின் மழைநீரோடு பள்ளத்தாக்குகளுக்கு இறங்கின. எடை மிகுந்த அக்கற்கள் கூழாங்கற்களோடு ஓடைப் படுகைகளில் தங்கின. அவற்றின்மீது சேறும் களியும் படிந்தன. மாணிக்கம் தாங்கிய அந்தக் கூழாங்கல் அடுக்கைச் சிங்கள மக்கள் ‘இல்லம’ என்பர். நம் மொழியிலோ ‘இல்லம்’ என்றால் வீடு. ஒலி ஒற்றுமை தற்செயலானதே. ஆயினும் மலைமேல் வாழ்ந்த தமிழர் கதையை அறிந்தவர்க்கு அது சற்று உறுத்தும்.

இந்த மண்ணை அறிவியல் முறையில் முதன்முதல் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் கலைவரலாற்று ஆசிரியராக உலகப் புகழ்பெற்ற அவர், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத்துறையின் தலைவராக இருந்தார். பலாங்கொடைப் பகுதி மாணிக்கப் படிவுகளில் கிடைத்த கனத்த கருங்கல் ஒன்றை 1904இல் அவர் வெளிக்கொணர, அது ‘தோரியனைட்டு’ என்னும் புதிய கனிமமென இலண்டனில் உறுதிசெய்யப்பட்டது. சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் சபரகமுவச் சேற்றில் கல் பொறுக்கித் திரிந்த அந்த ஆண்டுகளை நம் இலக்கிய அன்பர்கள் ஏனோ அதிகம் பேசுவதில்லை.

மாணிக்கத்தின் இருப்பு ஈராயிரம் ஆண்டுகளாக உலகறிந்த செய்தி. அரபு வணிகரும் சீன யாத்திரிகரும் எழுதிவைத்தனர். கண்டி அரசர் காலத்தில் மாணிக்கம் மன்னனின் உடைமை. பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயர் இராபட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் ஒரு செய்தி தருகிறார். மணிகள் கிடைக்கும் இடங்களில் கூரிய கழுமரங்களை நட்டு, அவ்வழி செல்வோர் அதில் ஏற்றப்படுவர் என்று மன்னன் எச்சரித்திருந்தானாம். செல்வம் கிடக்கும் இடத்திற்கு எல்லைக்கல்லாகக் கழுமரம்! மாணிக்கம் பற்றிய முதல் சட்டம் மக்களை விலக்கும் சட்டமாகவே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

ஈராயிரம் ஆண்டுகளாக மாணிக்கம் எடுக்கப்பட்டு வந்த இந்த மலைநாட்டின் மூலையில், அவ்வளவு காலமும் நகரம் ஏன் எழவில்லை? இங்கேதான் மாணிக்கத்திற்கும் எண்ணெய்க்கும் உள்ள அடிப்படை வேற்றுமை புலப்படுகிறது. எண்ணெயைக் கையில் முடிந்துகொண்டு போக இயலாது. அதற்குக் குழாய் வேண்டும், இருப்புப்பாதை வேண்டும், ஆலை வேண்டும், ஆலையை இயக்க ஆயிரம் பேர் வேண்டும், அந்த ஆயிரம் பேருக்கு வீடும் மருத்துவமனையும் கடைத்தெருவும் வேண்டும். மாணிக்கமோ மடியில் முடிந்த துணிமுடிச்சில் மலையைக் கடந்துவிடும். அதற்குச் சாலை தேவையில்லை. ஒற்றையடிப் பாதை போதும். சாலை கேட்காத செல்வம் ஊரையும் கேட்பதில்லை.

சாலையைக் கேட்டது கோப்பி.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1840இல் பிறந்த முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் உடைமை என்றது. காகிதத்தை அறியாத சிங்களக் குடியானவன் தலைமுறை தலைமுறையாய்ப் பயிரிட்ட மேட்டுநிலத்தை இழந்தான். அந்நிலம் வெள்ளைத் தோட்டக்காரருக்குச் சொற்ப விலைக்குப் போயிற்று. மலைநாட்டின் பிற பகுதிகளைப் போலவே றக்வான மலைகளிலும் காடு வெட்டிக் கொளுத்தப்பட்டது, கோப்பி நடப்பட்டது. மூட்டை மூட்டையாகக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கவும், அரிசியையும் ஆட்களையும் மேலே ஏற்றவும் மாட்டுவண்டிப் பாதை போடப்பட்டது. வண்டி நிற்குமிடத்தில் கடை தோன்றும்; கடை தோன்றுமிடத்தில் கொல்லனும் வட்டிக்காரனும் தோன்றுவர்; பின்னால் பொலிசும் தபாலும் வரும். மலைத் தோட்டங்களுக்கு இடையே கிடந்த கடைவீதிகள் யாவும் இப்படிப் பிறந்தவையே. றக்வான நகரைத் தாலாட்டிய தொட்டிலும் இதுதான்.

அந்தப் பாதையில் நடந்து வந்தவர்கள் யார்? திருச்சியிலும் மதுரையிலும் சேலத்திலும் இராமநாதபுரத்திலும் பஞ்சத்தாலும் சாதிக்கொடுமையாலும் விரட்டப்பட்ட நம் மக்கள். கங்காணி கொடுத்த முன்பணம் அவர்கள் காலில் விழுந்த முதல் தளை. ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் போக வேண்டுமாயின், அக்கடன் தீர்ந்தால் விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் ‘துண்டு’ வேண்டும். கடனைப் புதிய துரை கட்டுவான். கட்டிய தொகை மீண்டும் தொழிலாளியின் தலையில் ஏறும். மனிதன் மாறாமல் கடன்சீட்டு மட்டும் கைமாறும் இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

1869இல் தோன்றிய இலைநோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. துரைமார் பலர் ஓட்டாண்டியாயினர். தொழிலாளரோ கூலி பாக்கியோடு நின்றனர். பின்னர் தேயிலை வந்தது. தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் வந்தது. கோப்பி ஆண்டில் சில மாதமே ஆள் கேட்கும் பயிர். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் செடி. ஆகவே வந்து போனவர்கள் வந்து தங்கியவர்களாயினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான லயத்து அறை நிரந்தரக் குடியிருப்பாயிற்று. அவர்களோடு கடைவீதியும் நிரந்தரமாயிற்று. 1912இல் களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதை இரயில் இரத்தினபுரியை எட்டி, பின் ஓப்பநாயக்க வரை நீண்டது. றக்வானைக்கு அது வரவேயில்லை. ஊர் அன்று முதல் இன்று வரை சாலையை நம்பியே வாழ்கிறது.

இனிப் பள்ளத்தாக்கிற்கு இறங்குவோம். றக்வான நீலக்கற்களுக்கு வணிகரிடையே தனிப்பெயர் உண்டு. ஆனால் பெயர் கல்லுக்குத்தான். அதை எடுத்த கைக்கு அன்று.

மாணிக்கக் குழியின் வேலைமுறை நம் பொருளியல் ஆசிரியர்கள் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று. வயலின் நடுவே சதுரமாகக் குழி வெட்டுவர். பக்கச் சுவர் சரியாதபடி மரத்தடிகளை அடுக்கி, இடுக்குகளில் காட்டுப் பன்னத்தழைகளைத் திணித்து அணைப்பர். ஊறும் நீரை முன்பு கையால் இறைத்தனர். பின்பு இயந்திரம் வந்தது. இல்லம அடுக்கை எட்டியதும் கூழாங்கல் மண்ணை வாளி வாளியாக மேலேற்றிக் குவிப்பர். நல்ல நாள் பார்த்து, மூங்கிற் கூடையில் இட்டு, இடுப்பளவு நீரில் நின்று சுழற்றிச் சுழற்றிக் கழுவுவர். இலேசான மண் வெளியே வழியும்; கனத்த கல் அடியில் தங்கும். பங்காளிகள் யாவரும் சுற்றி நிற்க, கூடையின் அடி ஆராயப்படும்.

இங்கே கூலி கிடையாது, பங்கு உண்டு. நிலத்துக்காரனுக்கு ஒரு பங்கு, உரிமம் பெற்றவனுக்கு ஒரு பங்கு, நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு பங்கு, சாப்பாட்டுச் செலவு போட்ட முதலாளிக்கு ஒரு பங்கு. எஞ்சியதைக் குழியில் இறங்கியவர்கள் பகிர்ந்துகொள்வர். கல் கிடைக்காவிடில் மாதக்கணக்கில் உண்ட சோறே ஊதியம். முதல் பார்வைக்கு இது கூட்டுறவு போலத் தோன்றும். சிலர் இதை நம் பழைய கிராமச் சமத்துவத்தின் எச்சம் என்றும் புகழ்ந்திருக்கின்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நட்டத்தின் பெரும்பகுதியைத் தன் உடலால் சுமப்பவன் குழியில் இறங்கியவன். கல்லின் உண்மை விலையை அறியும் வாய்ப்பு அவனுக்கே மிகக் குறைவு. திக்பாயில் தொழிலாளர் 1939இல் வேலைநிறுத்தம் செய்தனர்; அது அடக்கப்பட்டது என்றாலும், யாரை எதிர்த்து நிற்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மாணிக்கக் குழியில் யாரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வது? எல்லோரும் பங்காளிகள்! நாளை ஒரு கல் கிடைத்தால் நானும் முதலாளி என்னும் எண்ணமே அங்கு மேற்பார்வைக்காரனின் பிரம்பு. சூதாட்டத்தில் சங்கம் கட்ட முடியாது.

கல்லின் விலை எங்கே பிறக்கிறது என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டலாம். றக்வானைக்கு அண்மையிலுள்ள பெல்மதுளையில் ஒரு நெல்வயலில் 1926இல் பெரிய நீலக்கல் ஒன்று எடுக்கப்பட்டது. ‘ஆசியாவின் நீல அழகி’ என்று பெயர் சூட்டப்பெற்ற அக்கல், 1937இல் இங்கிலாந்தின் மோட்டார் வாகனப் பெருமுதலாளி நபீல்டு பிரபுவின் கைக்குச் சென்றது. 392 கரட்டுக்கு மேல் எடைகொண்ட அதே கல் 2014இல் ஜெனீவா நகரில் ஏலத்தில் 1 கோடியே 70 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. வயல் அதே வயல். மண்ணைக் கழுவியவர்களின் பெயரை ஏலப்பட்டியல் எதுவும் பதித்து வைக்கவில்லை.

இரண்டாவது சான்று இன்னும் கூர்மையானது. ‘கெவுட’ எனப்படும் பால்நிறக் கல்லை நம் நாட்டுக் கழுவுகாரர் நெடுங்காலம் பயனற்றது என்று ஒதுக்கி வந்தனர். அதைச் சூளையிலிட்டு ஆயிரத்து அறுநூறு பாகைக்கும் மேலான வெப்பத்தில் வாட்டினால், உள்ளே பனித்திரையாய் நின்ற நுண்ணிய ஊசிகள் கரைந்து, கல் தெளிந்த நீலமாகும் என்பதைத் தாய்லாந்து வணிகர் கண்டறிந்தனர். 1970களின் பிற்பகுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் அவர்கள் சபரகமுவக் கிராமங்களில் வந்திறங்கிக் கெவுடவை அள்ளிச் சென்றனர். நிலம் நம்முடையது, கல் நம்முடையது, குழியில் மூச்சுத்திணறியவனும் நம்மவன். சூளை மட்டும் அவர்களுடையது. இலாபம் சூளையின் பக்கம் சாய்ந்தது. எண்ணெய் எடுக்கும் நாடுகளுக்கும் சுத்திகரிக்கும் நாடுகளுக்கும் இடையே நடந்த கதை இங்கே கைப்பிடியளவில் மீண்டும் நடந்தது.

ஆயினும் பள்ளத்தாக்கில் செழிப்பே வரவில்லை என்று நாம் சொல்லோம். வந்தது. 1971ஆம் ஆண்டின் சட்டத்தால் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் இயங்கிற்று. கல்லை ஏற்றுமதி செய்வோர் அந்நியச் செலாவணியில் ஒரு பகுதியைத் தாமே பயன்படுத்தலாம் என்ற சலுகையும் தரப்பட்டது. அதுவரை கள்ளவழியில் சென்ற கற்கள் சுங்கத்தின் கண்ணுக்குத் தெரியலாயின. ஏற்றுமதிக் கணக்கு திடீரென உயர்ந்தது. இறக்குமதி முற்றாக நெருக்கப்பட்ட அந்நாளில், மாணிக்க முதலாளிகளின் வீட்டு வாசலில் புதிய மோட்டார் வண்டி நின்றது.

அதே ஆண்டுகளில் மலைமேல் நடந்தது என்ன? 1973இலும் 1974இலும் உலகச் சந்தையில் தானிய விலை ஏறிற்று. அரிசிப் பங்கீடு குறைந்தது. கோதுமை மா விலை உயர்ந்தது. நிலமில்லாத, கிழங்கு நடக் கையளவு மண்கூட இல்லாத தோட்டத் தொழிலாளர் பட்டினி கிடந்தனர். மலைநாட்டு லயங்களில் இறப்பு விகிதம் கடுமையாக உயர்ந்ததை அரசின் புள்ளிவிவரமே காட்டிற்று. நகரத் தெருக்களில் தோட்டத்து மக்கள் கையேந்தி நின்றனர். ஒரே மலையின் அடியில் மாணிக்கப் பெருக்கு. மேலே பட்டினிச் சாவு. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் வரலாற்று நூல் அரிது. மாணிக்க வரலாற்றை எழுதுவோர் வேறு, தோட்ட வரலாற்றை எழுதுவோர் வேறு என்று ஆகிவிட்டதே காரணம்.

மலைமேல் வாழ்ந்தவன் கீழே இறங்கிக் குழி வெட்டலாமே என்று கேட்கக்கூடும். கேட்பவர்க்கு 1948ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மாணிக்கத்தைப் பங்கிடுவதற்காவது கழுவிப் பார்க்கும் வழக்கம் உண்டு. மனிதரைப் பங்கிடும்போது அவர்களை ஒரு சொல்லும் கேட்கவில்லை. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இருநாடுகளும் சரிபாதியாக்கிக்கொண்டன. மாணிக்கம் தோண்ட உரிமம் வேண்டும். உரிமத்துக்கு நிலத்தின் உரிமையோ உரிமையாளரின் இசைவோ காட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளி நின்ற மண் முதலில் கம்பனியுடையது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் அரசுடையது. எந்நாளும் அவனுடையதன்று. நொக்ஸ் சொன்ன கழுமரம் இப்போது காகிதமாக மாறியிருந்தது.

மற்றொன்றும் நேர்ந்தது. 1977இலும், பின் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர்மீது வன்முறை பாய்ந்தது. லயங்கள் எரிந்தன, குடும்பங்கள் காட்டுக்குள் ஓடின. பலர் வவுனியாப் பக்கம் சென்று குடியேறினர்; பலர் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூடை சுமந்தனர். இதற்குச் சிங்கள உழைப்பாளியைக் குற்றவாளியாக்குவது எளிது. நாம் அவ்வழி செல்லோம். 1840இல் அவன் பாட்டனின் மேட்டுநிலம் பறிபோயிற்று. அந்த இழப்பின் நினைவு அவனிடம் தலைமுறை கடந்து நின்றது. நிலத்தைப் பறித்தவன் கப்பலேறிவிட்டான். அந்நிலத்தில் கூலிக்கு நின்றவன் கண்முன் இருந்தான். தூண்டிவிட்டவர்களுக்கு அது போதுமானதாயிற்று.

றக்வானக் கடைவீதியை நீண்டகாலம் தாங்கி நின்றது எது என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். மாணிக்கப் பணம் மாரிவெள்ளம் போன்றது. வந்த அன்று தெருவெல்லாம் ஓடும்; மறுநாள் இரத்தினபுரிக்கும் பேருவளைக்கும் கொழும்புக்கும் வடிந்துவிடும். தேயிலைக் கூலியோ ஊற்றுநீர். சிறிது, ஆனால் மாதந்தோறும் வரும். சம்பள நாளன்று மலையிலிருந்து இறங்கி அரிசியும் கருவாடும் சேலையும் வாங்கிய பெண்களின் சில்லறையில்தான் கடைக்காரனின் கணக்குப் புத்தகம் நின்றது. நகரத்தின் பெருமையை மாணிக்கம் பெற்றது. நகரத்தின் சோற்றைக் கொழுந்து போட்டது.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1993ஆம் ஆண்டின் சட்டப்படி தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை பழைய கூட்டுத்தாபனத்தின் இடத்திற்கு வந்தது. 2003இல் நாடற்றோர் பிரச்சினை சட்டத்தளவில் முடிவுற்றது. லயத்து இளைஞர் சிலர் கொழும்புக் கடைகளுக்குச் செல்கின்றனர். சிலர் இரவில் விளக்கேந்தி, அனுமதியற்ற குழிகளில் இறங்குகின்றனர். அனுமதியற்ற குழிக்கு அணைமரம் ஒழுங்காக இடுவார் இல்லை. மூடப்படாத பழைய குழிகளில் மழைநீர் தேங்கிக் கொசு வளர்கிறது; தோண்டிய மண் ஓடையில் இறங்கிப் படுகையை உயர்த்துகிறது.

2021ஆம் ஆண்டில் இரு செய்திகள் சில மாத இடைவெளியில் வெளிவந்தன. மார்ச்சு மாதத்தில், ஆறு ஆண்டுப் போராட்டத்துக்குப்பின், தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என அரசிதழில் வெளியாயிற்று. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலை மாதத்தில், இரத்தினபுரிப் பகுதியில் ஒரு மாணிக்க வணிகர் வீட்டுப் பின்புறத்தில் கிணறு தோண்டியவர்கள் ஏறத்தாழ 510 கிலோ எடையுள்ள நீலக்கல் திரளைக் கண்டதாக உலகெங்கும் செய்தி பரவிற்று. அதன் மதிப்பு 10 கோடி டொலர் வரை என்று சொல்லப்பட்டது. வல்லுநர் பலர் அம்மதிப்பை ஐயுற்றனர் என்பது பின்னர் வந்த சிறு செய்தி.

மாணிக்க அகழ்வு உரிமம் கோருவோர் இன்றும் காணி உரிமைக்கான சான்றுகளை இணைக்க வேண்டும். றக்வான மலைத் தோட்டங்களில் நான்கைந்து தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுள் பெரும்பாலானவற்றிடம், தாம் உறங்கும் அறைக்கும் உறுதி இல்லை.